அண்ணாச்சி கடையில் அவள் கேட்ட பேஸ்ட்

கல்யாணமான முதல் வருஷம், என் மனைவிக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றே நம்பியிருந்தேன். ஏதாவது சொல்லலாம் என்று பக்கத்தில் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சினிமாவுக்குக் கூட்டிப்போய்க் காதருகே குனிந்து பேசினால், திரையில் என்னவோ தலைபோகிற காரியம் நடப்பதுபோல் அந்தப் பக்கமே பார்ப்பாள். மற்றபடி குறையே இல்லை. துறைமுகத்தில் கப்பல் சரக்கை எண்ணிக் குறிக்கிற வேலை எனக்கு. வெயிலில் காய்ந்து வீடு வந்தால் குளிக்க வெந்நீர் தயாராக இருக்கும், சுடுசோறும் மீன்குழம்பும் இருக்கும். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கடமைக்குச் செய்கிறாள் என்று நினைத்தேன். எழுபதுகளின் நடுவில், எனக்கு இருபத்தெட்டு வயது. மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அந்தக் கோபத்தையெல்லாம் பேஸ்ட் மேல் காட்டினேன். எங்கள் வீட்டில் ஒரு பேஸ்ட் முழுசாகத் தீர்ந்து நான் பார்த்ததில்லை. வெள்ளை பாதியில் இருக்கும்போதே பச்சை வந்துவிடும். அடுத்து கிராம்பு மணக்கிற ஒன்று. பிறகு நாக்கைப் பொசுக்குகிற சிவப்புப் பல்பொடி. ஈறுக்கு நல்லதாம், பல்கூச்சத்துக்கு நல்லதாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்வாள்.

“எனக்கு ஈறும் நல்லாத்தான் இருக்கு, பல்லும் நல்லாத்தான் இருக்கு. என்னளா, பேஸ்ட் கடையா வைக்கப் போற?” என்பேன்.

மறுநாள் காலையில் பிரஷ்ஷில் தாராளமாகப் பிதுக்கி வைத்து நீட்டுவாள்.

அவள் ஒரு வாரம் தாய்வீட்டுக்குப் போயிருந்தபோது, பிளேடு வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போனேன்.

“தங்கச்சிக்கு இப்பம் தேவலையா?” என்றார் கடைக்கார அண்ணாச்சி.

“அவளுக்கு என்ன?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “வாய் நாத்தத்தத்தான் சொல்லுதேன். பாவம், அந்தப் புள்ள கடைக்கு வாரப்பல்லாம், ‘எனக்கு வாயில வாடை வருது அண்ணாச்சி, நல்லதாப் பாத்துக் குடுங்க’ன்னு கேக்கும். நானும் இருக்கதையெல்லாம் குடுத்துப் பாத்துட்டேன். குழாயடியில பொம்பளைங்க தள்ளி நின்னுதான் பேசுதாவளாம். ஒரு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க.”

பிளேடு வாங்காமலே திரும்பிவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளங்கையைக் குவித்து ஊதி மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நம் வாய் நமக்கு நாறுமா என்ன? கப்பலில் என்னோடு நிற்கிற சேக்காளி ஒருவன் தினமும் ஏலக்காய் நீட்டுவது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அத்தனை நாளும் பிரியத்தில் தருகிறான் என்று வாங்கித் தின்றிருக்கிறேன்.

பல் டாக்டர் கம்பியை விட்டுப் பார்த்தார். கடைவாயில் கடைசிப் பல் அடியில் அழுகியிருந்தது. வலி இல்லாததால் எனக்குத் தெரியவில்லை. வீட்டிலிருந்த பேஸ்டையெல்லாம் வரிசையாகச் சொல்லி, எது எனக்குப் பொருத்தம் என்று கேட்டேன்.

“எதை வேணும்னாலும் தேயுங்க. பேஸ்ட் மேலதான் சுத்தம் பண்ணும். இதைப் பிடுங்கித்தான் ஆகணும்” என்றார். பிடுங்கினார்.

அவள் ஊரிலிருந்து வந்ததும் கேட்டேன். “எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா?”

சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே, “நீங்க கோவப்பட்டாக்கூடப் பரவாயில்ல. வெக்கப்பட்டுப் போவிய. அத என்னால பாக்க முடியாது” என்றாள்.

இவளையா கடமைக்குச் செய்கிறவள் என்று நினைத்தேன்! அன்று சாயங்காலமே கடைக்குப் போனேன். நல்ல கூட்டம். அதுவும் நல்லதுதான் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்: “அண்ணாச்சி, வாய் நாத்தம் எனக்குத்தான். என் வீட்டுக்காரிக்கு ஒண்ணுமே கிடையாது. பல்லப் புடுங்கியாச்சு.”

அண்ணாச்சி கூட்டத்தைப் பார்த்தார். “பாத்தியளா? பொண்டாட்டிய விட்டுக்குடுக்காம, பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிடுதாவ. மனுசன்னா இப்படில்லா இருக்கணும்.”

வாயைத் திறந்து பல் போன இடத்தைக்கூடக் காட்டினேன். சிரித்தார்கள். ஒருவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். சொல்லச் சொல்ல என் பெருமைதான் ஏறிக்கொண்டே போனது.

மறுநாள் காலையில் அவள் குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. “தெருவே ஒங்களத்தான் மெச்சுது. எனக்கு வாய்ச்ச மாப்பிள்ள தங்கமாம்” என்றாள்.

“பக்கத்துல வந்து சொன்னாவளா?” என்று கேட்டேன்.

குடத்தை இறக்கி வைத்தாள். “இல்ல. தள்ளி நின்னுதான் சொன்னாவ” என்றாள்.