அண்ணன் பெயரைக் கேட்ட இன்டர்வியூ

கம்ப்யூட்டர் வேலை இன்டர்வியூவுக்கு நான் உடைந்த மூக்கோடு போனேன். உடைத்தது என் சொந்த அண்ணன்.

எழுபதுகளில் நடந்தது. நாங்கள் படகு ஏற்றி வலை காயப்போட்ட கரையை வளைத்து ஒரு பெரிய கம்பெனி சுவர் கட்டியது. வீட்டுக்கு ஒரு வேலை வேண்டும் என்று ஊர் கேட்டது. பரீட்சையில் தேறினால் வேலை என்றார்கள். அவர்கள் கொண்டுவந்த கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுத ஆள் எடுத்தபோது எங்கள் ஊரில் தேறியது நான் ஒருவன்தான். கணக்கில் பி.எஸ்ஸி. முடித்து, மெட்ராஸில் ஃபோர்ட்ரான் என்கிற கம்ப்யூட்டர் மொழி படித்திருந்தேன்.

ஊர்க் கமிட்டி கோயில் மணியை அடித்துக் கூட்டம் போட்டது. எல்லோருக்கும் வேலை, இல்லையென்றால் ஒருவனும் உள்ளே போகக்கூடாது என்று கட்டுப்பாடு. கட்டுப்பாட்டை மீறுகிறவனை அவன் வீட்டு ஆள்தான் முதலில் அடிக்க வேண்டும். வேறொருவன் கை வைத்தால் இரண்டு குடும்பமும் வெட்டிக்கொள்ளும். வீட்டு ஆளே அடித்தால் அதோடு போகும். நல்ல ஏற்பாடு என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் அடி வாங்கியதில்லை.

நான் போனேன். எனக்கு அந்த வேலை வேண்டும். கடலுக்குப் போகிற ஆசை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

கம்பெனி கேட்டில் கூட்டம். முன்னால் அண்ணன், முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் துடுப்போடு.

"ஏலே, திரும்பிப் போயிரு. எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கானுவ."

விலகி நடந்தேன். துடுப்பு மூக்கில் விழுந்தது. கீழே விழுந்த என் முதுகில் இரண்டு போட்டான். குறுக்கே வந்த வாட்ச்மேனின் முழங்கையில் ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. கூட்டம் கல்லெறிய ஆரம்பித்தது. போலீஸ் வந்து கண்ணில் பட்டவனையெல்லாம் லத்தியால் சாத்தியது. எனக்கும் தோளில் ஒன்று. இன்டர்வியூக் கடிதத்தை எடுத்துக் காட்டிய பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

ஏசி அறை. மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். சம்பளக் கணக்குக்கு ஃப்ளோசார்ட் போடச் சொன்னார்கள். மூக்கில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு போட்டேன். தாளில் ரத்தம் சொட்டியது. தப்பாக எழுதிய ஒரு புரோகிராமைக் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். திருத்தினேன். புரோகிராமை வரிவரியாகத் துளையிட்டு வைத்த பஞ்ச் கார்டுக் கட்டு கீழே கொட்டி வரிசை கலைந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். அதற்கும் பதில் சொன்னேன். மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

அப்போது இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து உட்கார்ந்தார். நடுவில் இருந்த அதிகாரி தண்ணீர் டம்ளரை என் பக்கம் தள்ளினார்.

"நல்லா பண்ணியிருக்கீங்க தம்பி. வேலை உங்களுக்குத்தான். துடுப்பால அடிச்சவன் யாருன்னு மட்டும் இவர்கிட்ட சொல்லிடுங்க."

தெரியாது என்றேன்.

உன் மூக்கை உடைத்தவனுக்கு நீ ஏன் பரிந்து பேசுகிறாய் என்றார் இன்ஸ்பெக்டர். அடித்தவன் எதிரி என்று நினைத்திருந்தார்கள். வீட்டு ஆள்தான் அடிப்பான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கட்டுப்பாட்டைச் சொன்னாலே அண்ணனைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். மறுபடி கேட்டார்கள். மறுபடி தெரியாது என்றேன். கண் முன்னால் நடந்ததைச் சொல்லத் தெரியாதவன் புரோகிராமில் தப்பு எங்கே கண்டுபிடிக்கப் போகிறான் என்று ஓரத்தில் இருந்தவர் சிரித்தார். மேசையைத் தூக்கி அவர் மேல் போடலாம் போல இருந்தது. டம்ளரைச் சுவரில் எறிந்துவிட்டு வந்தேன். வேலை அங்கேயே முடிந்தது.

ஊருக்குத் திரும்புகிற வழியில், உப்பளத்துப் பக்கம் அண்ணன் தனியாக நின்றுகொண்டிருந்தான். துண்டு இல்லை.

"என்னலே கேட்டானுவ?"

"ஒம் பேரத்தான்."

என் மூக்கைப் பார்த்தான். பிறகு ரோட்டைப் பார்த்தான், போலீஸ் வருகிறதா என்று.

"சொன்னியா?"

அடித்ததற்குக்கூட அவனை மன்னித்திருப்பேன். இதைக் கேட்டானே. வாயிலேயே குத்தினேன். உப்புக் குவியலில் போய் விழுந்தான். மேலே ஏறி உட்கார்ந்து என் கை வலிக்கும்வரை குத்தினேன். அவன் திருப்பி அடிக்கவில்லை.