துடித்தது என் தோள்

போன வருடம் கச்சான் காற்று தொடங்கி, கற்பிட்டியில் படகுகளைக் கரையேற்றி வைத்திருந்த நாட்கள். என் இடது தோளில் ஒரு தசை தானாகத் துடிக்க ஆரம்பித்தது. சும்மா விட்டிருக்கலாம். போனில் தேடிப் பார்த்தேன். கால் மணி நேரத்துக்குள் எனக்கு இயக்க நரம்புக் கலங்கள் சாகிற நோய் வந்து, கைகால் விழுந்து, சவப்பெட்டிக்கு அளவும் கொடுத்துவிட்டேன். தலவில மாதா கோயில் அன்னம்மாளுக்கு என் உயரத்தில் மெழுகுதிரி நேர்ந்தேன். நான் குள்ளன்; அவவுக்கு நட்டம்தான்.

புத்தளத்துக்கு டாக்டரிடம் தனியாகப் போகப் பயம். ஒரே படகில் தொழில் செய்யும் மச்சானை, என் மனைவியின் தம்பியை, துணைக்கு இழுத்துக்கொண்டு போனேன். சில மாதங்களாக அவன் கிழிந்த வலையைப் பொத்தும்போது ஊசியைக் கைநழுவ விடுவான். "விரலுக்கும் குடிவெறியாடா?" என்று கரையே சிரிக்க நக்கலடித்தவன் நான்தான்.

சேர்ட்டைக் கழற்றி மச்சானிடம் கொடுத்தேன். டாக்டர் தட்டிப் பார்த்தார். தேத்தண்ணியைக் குறைத்து, நன்றாக நித்திரை கொள்ளச் சொன்னார். அவ்வளவுதான் என் நோய். துள்ளி எழும்பி மச்சானிடம் சேர்ட்டைக் கேட்டேன். அவன் நீட்டினான், பாதியில் நழுவி விழுந்தது. நான் வாயைத் திறக்குமுன் டாக்டர் அவனுடைய கையைப் பிடித்துவிட்டார். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. நான் எழும்பிய கதிரையில் அவனை இருத்தினார்.

கொழும்பில் பல பரிசோதனைகளுக்குப் பிறகு உறுதியானது. நான் எனக்கென்று நினைத்த அதே நோய் என்றார் அங்கிருந்த டாக்டர். மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோகும் நரம்புக் கலங்கள் ஒவ்வொன்றாகச் சாகுமாம். கட்டளை வராத தசை வற்றிப்போகுமாம். முதலில் பக்கத்து நரம்புகள் கிளைவிட்டு அந்தத் தசையையும் சேர்த்துப் பார்ப்பதால் வெளியே தெரியாதாம். அவையும் விழுந்த பிறகுதான் கை சொல்லுக் கேட்காமல் போகுமாம்.



"வலை மாதிரித்தானே டாக்டர்," என்றான் மச்சான். "ஒரு கண் அறுந்தா பக்கத்துக் கண் தாங்கும். கிழியிற நாளிலதான் எங்களுக்குத் தெரியும்."



இப்போது அவனால் கோப்பை பிடிக்க முடியாது; பேச்சும் குழறுகிறது. தேத்தண்ணி பருக்கப் போனால், "உன்ட தோள் எப்பிடி மச்சான்?" என்று கேட்டு அவன்தான் சிரிக்கிறான். மெழுகுதிரியை அவனுடைய உயரத்துக்கு மாற்றி ஏற்றிவிட்டேன். அவன் நெட்டையன். என் தோள் இன்னும் இடைக்கிடை துடிக்கிறது. அப்போதெல்லாம் எனக்குக் கண்முன் வருவது, மணலில் விழுந்து கிடந்த அந்த ஊசியும் அதைப் பார்த்துச் சிரித்த என் வாயும்தான்.