சீட்டில் விழுந்த கட்சி

“அவள ஓடிப்போனவன்னு இன்னொரு தரம் சொன்னே, எனக்குக் கெட்ட கோவம் வரும் பூவாயி. பட்டப்பகல்ல, பெத்தவன் முன்னால பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போனவளா ஓடிப்போனவ? அதுவும் அந்தச் செல்லையனோடயா? தூ!”

அடுத்த வீட்டுப் பூவாயி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் விடமாட்டேன் என்கிறாள். பழி சுமக்கிறவள் என் நாத்தனார் லோகாம்பாள். நடந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். சொல்லிவிடுகிறேன்.

பிரெஞ்சுக்காரன் எங்கள் பக்கத்தை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தருமபுரத்தில் மாணவர்கள் ஒரு பேச்சு மன்றம் நடத்தினார்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை சாயங்காலம், என் மாமனாரின் நெல் கிடங்கில் கூட்டம். இடம் இனாம் என்பதால் அவருக்கு முன்வரிசையில் நாற்காலி, கழுத்தில் மாலை. செல்லையன்தான் செயலாளர். லோகாவும் அதில் பேசுவாள்.

என்ன பேசப்போகிறார்கள் என்பதை முன்பே பலகையில் எழுதிவிடுவார்கள். வேண்டும் என்று பேசுவது யார், வேண்டாம் என்று பேசுவது யார் என்பது சீட்டில்தான். அதையும் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் போய் எடுப்பார்கள். சனங்களுக்குத் தெரிந்தால் பேச்சில் சூடு இருக்காதாம். ஆளுக்கு ஏழு நிமிஷம். மணி அடித்தால் பாதி வார்த்தையில் நிறுத்தியாக வேண்டும். கேட்டவர்கள் போகும்போது, நன்றாகப் பேசிய கட்சியின் பானையில் ஒரு புளியங்கொட்டை போடுவார்கள். எழுத்துத் தெரியாத நானும் போட்டிருக்கிறேன்.

அந்த மாதம், பெண்ணுக்கு மேல்படிப்பு வேண்டுமா என்று பேச்சு. கும்பகோணத்தில் வாத்தியார் பயிற்சிக்கு இடம் கிடைத்து லோகாவுக்குக் கடிதம் வந்திருந்தது. மாமனாரும் அரைமனசாகத் தலையாட்டியிருந்தார். அவளுக்கு விழுந்த சீட்டு ‘வேண்டாம்’.

“நாலெழுத்து படிச்ச மருமக மாமியாருக்குக் கஞ்சி ஊத்துவாளா, கஞ்சிக்கு விளக்கம் சொல்லுவாளா?” என்று கேட்டாள் பாருங்கள், கிடங்கே அதிர்ந்தது. அவள் பானைதான் நிறைந்தது. என் கொட்டையும் அதில்தான். அதை நினைத்தால் என்மேலேயே எனக்கு அருவருப்பு.

மறுநாள் காலை மாமனார் சொன்னார். “கும்பகோணம் கிடையாது. நீயே ஊரறியச் சொல்லிட்டே.”

“அது சீட்டுல வந்த கட்சிப்பா. என் மனசு இல்ல.”

“மனசுல இல்லாததையா அந்தப் போடு போட்டே?”

என் வீட்டுக்காரர் பாலகுரு தங்கையைப் பார்த்துச் சிரித்தார். “போம்மா, போய்க் கஞ்சிய ஊத்து.”

செல்லையனைக் கூப்பிட்டனுப்பினோம். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாமனார் கிடங்குச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார். “சீட்டுக் கீட்டு உண்டாடா?”

அவன் சாவியைப் பார்த்தான். லோகாவைப் பார்க்கவில்லை. “அவங்கவங்க மனசுல உள்ளதத்தாங்க பேசுவாங்க” என்றான். சொல்லிவிட்டு நான் போட்ட காப்பியையும் குடித்தான். அந்தத் தம்ளரைச் சாம்பல் போட்டு மூன்று தரம் தேய்த்தேன்.

லோகா அழவில்லை. பயிற்சியில் சேரக் கடைசி நாளுக்கு முதல் நாள், மாமனார் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தகரப்பெட்டியோடு வந்து நின்றாள்.

“போய்ட்டு வரேம்பா.”

“வாசலத் தாண்டுனா திரும்பி வராதே.”

“சரிப்பா.”

அவ்வளவுதான் பேச்சு. அவர் இட்லியைப் பிட்டுக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார். முறைக்கட்டுமே என்று, விடியலில் கட்டிவைத்திருந்த தயிர்சோற்றுப் பொட்டலத்தை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன்.

“ரயில்ல சாப்புடு” என்றேன்.

“சரி அண்ணி” என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு, கும்பகோணம் போக, பேரளம் ரயிலைப் பிடிக்கத் தனியாக நடந்துபோனாள்.