நிம்மதியாக உறங்கவும்

என் எழுத்தில் இதுவரை அதிகம் பேர் வாசித்தது எது என்று யாராவது கேட்டால் பதில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சொந்தக் காசில் அச்சடித்த நகைச்சுவைப் புத்தகங்கள் கட்டுப் பிரிக்காமல் பரணில் கிடக்கின்றன. கம்பத்தில் நான் கணக்கெழுதிய லாரி ஆபீசுக்காக ஒரு மதியம் எழுதிக் கொடுத்த குறுஞ்செய்திதான் என் ஒரே வெற்றி. "மதிப்பிற்குரிய ஓட்டுநர் அவர்களுக்கு வணக்கம். தங்கள் வண்டி நின்றிருக்க, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அருள்கூர்ந்து அணைத்துவிட்டு நிம்மதியாக உறங்கவும்." இந்த மூன்று வாக்கியத்தையும் திரும்பத் திரும்பத் திருத்தினேன். 'தூங்கவும்' என்பதில் அதிகார வாடை அடிப்பதாகத் தோன்றி 'உறங்கவும்' என்று மாற்றினேன். முடித்த கையோடு எழுந்து போய் ஆபீஸ் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

அந்தச் செய்தி யாரை மனதில் வைத்து எழுதப்பட்டதோ, அவரை ஆபீசில் எல்லோரும் சீனியர் என்றுதான் கூப்பிடுவார்கள். அனுமந்தன்பட்டிக்காரர். முதலாளியம்மாவின் மாமனார் ஒற்றை லாரி வைத்திருந்த காலத்திலிருந்தே ஓட்டுகிறவர். ஜன்னல் பக்கத்துக் கை மட்டும் வேறொருவருடையதைப் போலக் கறுத்திருக்கும். சாயங்காலம் சின்னமனூரிலோ கம்பத்திலோ வாழைத்தார் ஏற்றி, கூடலூர் தாண்டி ஒரு பொட்டலில் வண்டியைப் போட்டுத் தூங்கி, விடியுமுன் குமுளி மலை ஏறி, கேரளத்துச் சந்தைக்குக் காலையில் போய்ச் சேர வேண்டும். இதில் 'தூங்கி' என்று நான் சுலபமாக எழுதிவிட்டேன். பழைய லாரியின் கேபின் என்பது எஞ்சின் மேல் கவிழ்த்த இட்லிச் சட்டி. கண்ணாடியை ஏற்றினால் வேகலாம், இறக்கினால் கொசுவுக்கு விருந்து வைக்கலாம். பாதி நாள் அவர் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில்தான் படுப்பார்.

புது லாரிகளில் கேபினுக்கு ஏசி இருந்தாக வேண்டும் என்று சட்டம் வந்தபோது எங்கள் ஆபீசும் வேறு வழியில்லாமல் அப்படி ஒன்றை வாங்கியது. வீரபாண்டிக் கோயில் வாசலில் பூசை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, முதலாளியம்மா சாவியைச் சீனியரின் கையில் கொடுத்தார். "நீங்க ஓட்டாம வேற யாரு ஓட்டுவாக" என்றார். முதல் நடை போய்வந்த சீனியர் நேராக என் மேசைக்கு வந்தார்.

"சார், நேத்து கனவு கண்டேன்."

"என்ன கனவு?"

"அது ஞாபகமில்ல. கனவு வர்ற அளவுக்குத் தூங்கியிருக்கேன், அதச் சொல்ல வந்தேன்."

ஏசி ஓட வேண்டுமானால் எஞ்சின் ஓட வேண்டும். ராத்திரி முழுக்க ஸ்டார்ட்டிங்கிலேயே கிடக்கும் வண்டிக்கு அந்தப் பொட்டலில் சில மரியாதைகள் உண்டு. நடுவில் நிறுத்தக் கூடாது. கடைசியில் ஒதுங்கி நிற்க வேண்டும். சைலன்சர் யாருடைய படுக்கையையும் பார்க்கக் கூடாது. டீக்கடைக்காரர் குழந்தையோடு கடைக்குள்ளேயே படுப்பதால் அந்தப் பக்கமே ஆகாது. காய்ச்சலில் கிடக்கும் டிரைவர் எந்தக் கம்பெனிக்காரனாக இருந்தாலும், ஏசி வண்டிக்காரன் தன் இடத்தை விட்டுக்கொடுத்து இறங்கிவிட வேண்டும். சீனியர் இதில் ஒன்றையும் தவற விட்டதில்லை என்று மற்ற டிரைவர்கள் சொல்வார்கள். முறைப்படி ஒதுங்கி, முறைப்படி புகையைத் திருப்பி, முறைப்படி தூங்கினார். டீசலைத் தவிர வேறு யாருக்கும் அவரால் தொந்தரவு இல்லை.

டீசலுக்குத்தான் முதலாளியம்மா இருந்தார். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. வேலையை விட்டு ஒருவரை நிறுத்தும் அன்றைக்கு அந்த ஆளுக்குக் காப்பி கூடுதல் பாலோடு வரும். வண்டியில் பொருத்திய கருவி, எஞ்சின் எங்கே எவ்வளவு நேரம் சும்மா ஓடுகிறது என்பதை அவர் கைப்பேசியில் சிவப்புப் புள்ளியாகக் காட்டியது. "சீனியர் நம்ம வீட்டு ஆளு சார். அவுக தூங்கட்டும். டீசலும் தூங்கணும்ல? நீங்க புத்தகமெல்லாம் போடுறீக, மனசு நோகாம நாலு வரி எழுதிக் குடுங்க" என்றார். நான் எழுதிக் கொடுத்தேன். கருவி விற்றவன் அதை எங்கள் வண்டிக்கும், தன்னிடம் கருவி வாங்கிய மற்றக் கம்பெனி வண்டிகளுக்கும் சேர்த்து ஏற்றிவிட்டுப் போனான். எஞ்சின் பத்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடினால் டிரைவரின் கம்பெனி போனுக்குச் செய்தி போகும். அந்தப் போனை அணைத்தால் அன்றைக்கு லீவு என்று கணக்கு. சத்தத்தைக் குறைக்கவும் வழியில்லை, ஆம்புலன்சு மாதிரி அலறும்.

ஆக, நிம்மதியாக உறங்கவும் என்று சொல்வதற்காக நான் சீனியரைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து எஞ்சினை அணைப்பார். கொஞ்ச நேரத்தில் கேபின் வேகும். வியர்வையில் விழித்து மறுபடி போடுவார். கண் சொருகும் நேரம் பார்த்து, மதிப்பிற்குரிய ஓட்டுநர் அவர்களுக்கு வணக்கம் என்று நான் போய் நிற்பேன். அதற்குள் மற்றக் கம்பெனி டிரைவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். பத்து நிமிடம் ஆகுமுன் வண்டியை இரண்டடி முன்னே உருட்டினால் கருவி ஏமாந்துவிடும். சீனியர் மட்டும் செய்ய மாட்டேன் என்றுவிட்டார். வண்டிகளுக்கு அடியில் ஆட்கள் படுத்திருக்கும் இடம் அது. "தூங்குறவன எழுப்புறது ஒரு பாவம். அவன் மேல ஏத்துறது வேற கணக்கு சார்" என்றார்.

ஒரு நாள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து முதலாளியம்மா முன் நின்றார். மலை ஏறுவதற்கு முந்தின ராத்திரி மட்டும் ஏசி போட்டுக்கொள்கிறேன், டீசலுக்கு என் பேட்டாவில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"காசப் பத்தியா நான் பேசுறேன், சீனியர்? ஒங்களுக்கு விட்டா எல்லாரும் கேப்பாக." என் பக்கம் திரும்பினார். "சட்டம் ஏசி வைக்கத்தான சார் சொல்லுது? போடணும்னு எங்கனயாச்சும் எழுதியிருக்கா?"

படித்தவன் என்பதற்காக என்னைக் கேட்டார். படித்தவனாக யோசித்து, "இல்லம்மா" என்றேன்.

அடுத்த வாரம் சீனியருக்குச் சார்ஜ் ஏற்றி ஓட்டும் சின்ன மின்விசிறி ஒன்றை முதலாளியம்மா தன் கையால் பரிசளித்தார். மல்லிகைச் சரம் சுற்றி, போட்டோ எடுத்து, ஆபீஸ் சுவரில் மாட்டினோம். 'தொழிலாளர் நலனில் என்றும்' என்ற கீழ்வரி அடியேன் உபயம். விசிறிக்குச் சார்ஜ் ஏற வேண்டுமானால் லாரியில் சாவி போட்டிருக்க வேண்டும். சாவி போட்டிருந்தால் எஞ்சின் ஓடுவதாகத்தான் கருவி எடுத்துக்கொள்ளும். அப்புறம் நான் வருவேன்.

அந்த மாதமே மலையில் ஒரு வளைவில் சீனியர் கண்ணசந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தடுப்புச் சுவரில் உரசி முன்விளக்கு உடைந்து, கதவோரம் நீளமாக ஒரு கோடு விழுந்தது. அத்தனை வருசத்தில் அவர் வண்டியில் விழுந்த முதல் கோடு. ஷெட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அதை விரலால் தடவிக்கொண்டே நின்றார். முதலாளியம்மா திட்டவில்லை. காப்பி வந்தது. கூடுதல் பால். "வயசாகுதுல்ல. ஏசி அவுகளுக்கு ஒத்துக்கல, அசத்திப்புடுது. பழைய வண்டியவே குடுத்துருவோம். அதுல கருவியும் இல்ல, ராத்திரி தொந்தரவும் இருக்காது." சீனியர் டம்ளரைக் காலி செய்து, கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். புது வண்டி முதலாளியம்மாவின் தம்பி மகனுக்குப் போனது. வெக்கை தாங்காத பிள்ளை என்று அவன் நம்பரைச் செய்திப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். எடுத்தவன் நான்தான். பொட்டலின் நட்டநடுவில், டீக்கடைப் பக்கம் புகையைக் காட்டி, விடிய விடிய எஞ்சினை ஓடவிட்டு அவன் தூங்கியதாகக் கேள்விப்பட்டேன்.

பழைய வண்டியில் சீனியர் ஒரு கோடையைக்கூட முழுதாகத் தாண்டவில்லை. தானாகவே நின்றுகொண்டார். சால்வை போட்டோம். என் பங்குக்கு ஒரு புத்தகம் கொடுத்தேன், கையெழுத்திட்டு.

போன மாதம் ஒரு சனிக்கிழமை குச்சனூர் போய்விட்டுத் திரும்பும்போது, உத்தமபாளையம் பக்கம் ஒரு திராட்சைக் குளிர்கிடங்கின் வாசலில் அவரைப் பார்த்தேன். ராத்திரி வாட்ச்மேன். பொழுது சாய்ந்து அப்போதுதான் வேலைக்கு வந்திருந்தார். உடம்பு பாதியாகிவிட்டது. கரண்டு போனால் ஜெனரேட்டர் தானாக ஓட வேண்டும். ஓடாவிட்டால் ஆளை எழுப்பிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை என்றார். தலைக்கு மேலே கேமரா இருந்தது. அது ஜெனரேட்டரைப் பார்க்கவில்லை, ஸ்டூலைப் பார்த்தது.

"உள்ள நல்லா ஜில்லுன்னு இருக்குமே?" என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"திராட்சைக்கு இருக்கும்" என்றார்.

"பகல்ல தூக்கம் வருதா?"

"தகரக் கூரை சார். பேரப் பிள்ளைக வேற."

இம்மாதிரி நேரங்களில் எழுத்தாளனிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். பையிலிருந்து என் புதுப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். வாங்கி, அட்டையைத் துடைத்து, நாலு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"வேணாம் சார். போன தடவ குடுத்ததுல மூணு பக்கம் படிச்சேன், அப்பிடியே அசந்து தூங்கிட்டேன். இது ராத்திரி வேல. போயிரும்."