குளிர் அறையில் குத்திய ஊசி

கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் எனக்கு வேலை. இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம். தரைப் பலகையைத் தூக்கி அடியில் கேபிள் இழுப்பேன். மெஷின் சூடாகக் கூடாதென்று அந்தப் பள்ளத்தில்தான் குளிர்காற்றை விடுவார்கள். மெஷினைத் திறக்கும்போது மணிக்கட்டில் ஒரு பட்டை கட்ட வேண்டும். அதில் சின்னத் தகடு இருக்கும். நம் உடம்பு மின்சாரம் மெஷினைக் கெடுக்காமலிருக்க அது.

பட்டை இருந்த இடத்தில் வட்டமாகத் தடித்தது. படை என்று நினைத்துக் கடையில் களிம்பு வாங்கிப் போட்டேன். நடுவில் வெளுத்துப்போனது.

கூட வேலை பார்த்த அண்ணன் சேலத்துக்காரர். பள்ளத்திலிருந்து கையை எடுத்தபோது பார்த்துவிட்டார்.

"இது படையில்லப்பா. கண்ண மூடு. ஊசியால குத்தறேன், சொல்லு."

மூடினேன்.

"குத்துங்கண்ணே."

"குத்தியாச்சு."

மேனேஜர் காதுக்குப் போனது. குஷ்டமில்லை என்று டாக்டர் சொல்லாமல் வேலைக்கு வராதே என்றார்.

வீடு சாந்த்ராகாச்சியில். மனைவியிடம் சொன்னேன்.

"குஷ்டமா? நேத்து அதே இடத்துல தோசைக்கல்லு பட்டதுக்கு அந்தக் கத்து கத்துனீங்களே?"

சொன்னாளே தவிர, பிள்ளையைத் தள்ளிப் படுக்கவைத்தாள்.

டாலிகஞ்சில் தோல் டாக்டர். வெளியே வெயிலில் வெகுநேரம் நின்றேன். உள்ளே கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார். தெரிந்தது. ஊசியும் தெரிந்தது. எங்கே வேலை என்று கேட்டார். சொன்னேன். ஐஸ் காற்றில் கிடந்த கையில் குத்தினால் யாருக்குத் தெரியும் என்று சிரித்தார். குஷ்டமில்லை. படையுமில்லை. பட்டையின் தகடு என் தோலுக்கு ஆகவில்லை. வெளுத்தது களிம்பால். தோல் வியாதி ஒன்றைப் போல ஒன்று இருக்கும், கண்ணால் பார்த்தே முடிவுகட்டக் கூடாது என்றார்.

டாக்டர் சீட்டோடு வேலைக்குத் திரும்பப் போனேன். பட்டை கட்டாமல் மெஷினைத் திறக்கக் கூடாது. அந்த வேலை போயிற்று. அப்போது கம்பெனியில் கரண்ட் மிச்சம் பிடிக்க ஆரம்பித்திருந்தார்கள். கேபிள்கள் வந்து சேரும் பெட்டிகள் வரிசையாக இருக்கும். சாயங்காலம் வேலை குறைந்ததும், கேபிளில் ஓடும் தகவலையெல்லாம் சில பெட்டிகளுக்குள் ஒதுக்கிவிட்டு மற்றதை அணைப்பார்கள். வேண்டாதது அணைந்ததா, வேண்டியது எரிகிறதா என்று நடந்து பார்க்க ஆள் வேண்டும். என்னைப் போட்டார்கள். சம்பளம் அதேதான்.

"பயந்துட்டேம்ப்பா" என்றார் அண்ணன்.

"நானுந்தாண்ணே."

மேனேஜர் கடைசிவரை எனக்குக் கை கொடுத்ததில்லை. அதற்கு முன்னாலும் கொடுத்ததில்லை.