பிரிஜட் கையெழுத்து போடல

இன்னிக்கு தேக்கா மார்க்கெட்டுல யாரைப் பாத்தேன் தெரியுமா? பிரிஜட் அக்காவை! மீன் பையோட நின்னுகிட்டே, அவங்க கையெழுத்து போடாத கதையைச் சொன்னாங்க. சூடு ஆறறதுக்குள்ள எழுதிடறேன்.

எம்பத்திமூணு, டிசம்பர் மாசம். பிரிஜட் கப்பல் ரிப்பேர் கம்பெனி ஆபிஸ்ல கிளார்க். டைப்ரைட்டர்ல இருந்தவளை அப்பத்தான் புது கம்ப்யூட்டருக்கு மாத்தியிருந்தாங்க. ஒரு நாள் வெல்டர் அருளானந்தம் தொப்பியை மேஜையில வச்சுட்டு நின்னாரு.

"என்னம்மா, கிறிஸ்மஸுக்கு லீவு கேட்டா, எல்லாம் எடுத்து முடிச்சாச்சுங்கறாங்க. நான் ஒரு நாள்கூட எடுக்கல!"

எடுத்தது இன்னொரு அருளானந்தம், கிரேன் ஓட்டறவரு. வெல்டரோட அப்பா ஆம்ப்ரோஸ், கிரேன்காரரோட அப்பா அல்போன்ஸ். நம்ம ஆளுங்களை அப்பா பேரை வச்சுத்தானே பிரிச்சு சொல்றோம்? கம்ப்யூட்டர் ரெண்டு பேரையும் ஒரே ஆளாக்கிடுச்சு.

ப்ரோகிராம் எழுதின சூப்பர்வைசர் தனசேகரன் ஒரு தாளை நீட்டினாரு. "நீ தப்பா அடிச்சேன்னு எழுதியிருக்கு. சைன் பண்ணு. திங்கக்கிழமையில இருந்து பழையபடி டைப்ரைட்டர்."

"நான் தப்பா அடிக்கல சார். சைன் பண்ண மாட்டேன்."

"சரி, தப்பு எங்கன்னு நீயே கண்டுபிடி, சாயங்காலத்துக்குள்ள!"

அவரு பழக்கம், எல்லாத்தையும் முதல்ல தாள்ல எழுதி, நாலு நாள் யோசிச்சு, அப்புறம்தான் மெஷினைத் தொடுவாரு. பிரிஜட் அப்படியில்ல. ஓடற ப்ரோகிராமை நடுவுல நிறுத்துவா. திரையில ஒரு கோடு மினுக் மினுக்னு காத்துகிட்டு இருக்கும். ஒரே வரியில கேள்வியை அடிப்பா, மெஷின் அந்த நிமிஷமே பதில் சொல்லும். அடுத்த கேள்வி. அடுத்த பதில்.

தனசேகரன் சிரிச்சாரு. "இது என்ன, சிராங்கூன் ரோட்டு கிளி ஜோசியமா? கேக்கக் கேக்க சீட்டு எடுக்குது!"

"கிளி பொய் சொல்லும் சார். இது சொல்லாது லா."

அவ அடிச்ச பேருக்கு எத்தனை எழுத்துன்னு கேட்டா. இங்கிலீஷ்ல 'அருளானந்தம் சன் ஆஃப் ஆம்ப்ரோஸ்', 'சன் ஆஃப்'பை S/O-னு சுருக்கி அடிச்சா, இடைவெளியோட இருவத்திமூணு. ப்ரோகிராம் உள்ள வச்சிருக்கற பேருக்கு எத்தனை? பதினாறு! காட்டுன்னா, காட்டுச்சு. அருளானந்தம், 'சன் ஆஃப்', அதோட சரி. அப்பாவைக் காணோம்! கிரேன் அருளானந்தத்துக்கும் அதே கதி; பதினாறுக்கு மேல ப்ரோகிராம் வெட்டிட்டதால ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டாங்க.

"சார், நான் சொன்னா நம்ப மாட்டீங்க. உங்க பேரை நீங்களே அடிங்க."

தனசேகரன் ஒத்தை விரல்ல, முழுப் பேரையும் அடிச்சாரு. திரையில அவரு மட்டும் நின்னாரு, 'சன் ஆஃப்'னு. அவரு அப்பா தங்கராஜுவும் போயாச்சு. பின்னாடி நின்ன வெல்டர் வாயைப் பொத்திக்கிட்டாரு.

பிரிஜட் விடல. பேரை விட்டுட்டு வேலையாள் நம்பரை வச்சு தேடினா என்ன ஆகும்னு அங்கயே ஒரு வரி அடிச்சுப் பாத்தா. ரெண்டு அருளானந்தமும் தனித்தனியா வந்தாங்க!

"இப்போ யார் சார் சைன் பண்ணணும்?"

தனசேகரன் தாளை மடிச்சு சட்டைப் பையில வச்சுகிட்டாரு. "லீவை நான் திருத்தறேன். நீ... இங்கயே இரு."

கேக்கும்போதே எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு! "பொம்பளைக்கு எதுக்கு கம்ப்யூட்டர்"னு யாராச்சும் சொன்னா இதைப் படிச்சுக் காட்டுங்க. பிரிஜட் அக்கா ஞாயித்துக்கிழமை தமிழ் பூசை முடிஞ்சதும் சர்ச் ஹால்ல ஒரு மெஷினோட, கம்ப்யூட்டர் கத்துக்குடுக்க உக்காருவாங்க. எந்த மதமா இருந்தாலும் பரவால்ல, போங்க. போய் உங்க கையால ஒரு கேள்வி அடிச்சுப் பாருங்க.