பக்கத்து ஆலைக்குப் போன டிரம்கள்

சென்னைக் கம்பெனி வயதைக் காட்டி என்னை வீட்டுக்கு அனுப்பியபின், திருப்பதியில் ஓர் அறை எடுத்து, வியாபாரிகளுக்கு இணையத்தில் ஓடும் சரக்கு இருப்பு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். சித்தூர் மாங்கூழ் ஆலை வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவன் என் மனைவியின் தம்பி. அங்கே குடோன் அவன் பொறுப்பில் இருந்தது. "எங்க மாமா மெட்ராஸ்ல பெரிய கம்ப்யூட்டர் ஆளு" என்று முதலாளியிடம் சொல்லிச் சொல்லியே சம்மதிக்க வைத்தான். அமெரிக்காவில் இருந்த முதலாளி மகனுக்கு அங்கிருந்தே இருப்பைப் பார்க்க வேண்டும்.

புரோகிராமுக்குள் மூன்று டேபிள், அதாவது கணக்கு அட்டவணை, போட்டேன். பொருள்களுக்கு ஒன்று, குடோன்களுக்கு ஒன்று, எந்தக் குடோனில் எது எத்தனை என்பதற்கு ஒன்று. வாங்கினால் எண் கூடும், விற்றாலோ செலவானாலோ குறையும். அவ்வளவுதான்.

சீசனில் சித்தூர் ஆலைகள் கூழ் நிரப்பும் காலி டிரம்களை ஒன்றுக்கொன்று கைமாற்றாகக் கொடுத்துக்கொள்ளும். எல்லாம் வாய்ச்சொல், சீட்டு கிடையாது.

"இன்னா மாமா, கைமாத்தா போற டிரம்மை எங்க எழுதறது? வித்ததும் இல்ல, நம்மகிட்ட இருக்கிறதும் இல்ல."

"தாய்வீட்டுக்குப் போன பொண்டாட்டி பேரை ரேஷன் கார்டுல அடிச்சிடுவியா? திரும்பி வரப்போறதுதானே. எழுதாதே, விடு."

"அக்காகிட்ட சொல்றேன் இரு" என்று சிரித்தான். நான் சொன்னபடியே செய்தான்.

சரக்கு எங்கிருந்து எங்கே, எதற்காக நகர்ந்தது என்பதற்குத் தனி டேபிள் வேண்டும். கம்பெனியில் புதிதாக வந்தவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்த பாடம் அது. தெரிந்தேதான் விட்டேன். திங்கட்கிழமைக்குள் அமெரிக்காவில் திரை தெரிய வேண்டும் என்ற அவசரம், அதோடு என் சோம்பல்.

அடுத்த சீசனில் திரையில் டிரம்கள் நிறைய இருந்தன. புதிதாக வாங்க வேண்டாம் என்று முதலாளி மகன் சொல்லிவிட்டார். பழ லாரிகள் வந்து நின்றபோது குடோன் பாதி காலி. கைமாற்று வாங்கிய பக்கத்து ஆலையின் நிர்வாகம் மாறியிருந்தது. "சீட்டு எங்கே?" என்றார்கள். நிரப்ப டிரம் இல்லாமல் கூழைச் சாக்கடையில் விட்டார்கள். அந்தத் தெருவே புளித்து நாறியது.

முதலாளி என்னை அழைத்தார். மச்சினன் கதவோரம் நின்றிருந்தான்.

"டிரம் எல்லாம் கைமாத்தா போச்சுங்கறான். கம்ப்யூட்டர்ல எல்லாம் இங்கயே இருக்குது. புரோகிராம்ல ஏதாவது தப்பா சார்?"

"புரோகிராம்ல தப்பு இல்லைங்க."

அப்போது வேறு இரண்டு ஆலைகள் அதே புரோகிராமை வாங்குவதாக இருந்தன. அவன் என்னைப் பார்த்தது தெரிந்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மாமாதான் எழுதாதேன்னாரு" என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அக்காவை நினைத்திருப்பான். நான் கேட்டதில்லை.

டிரம்களை விற்றுத் தின்றான் என்று அவனை வெளியே அனுப்பினார்கள். ஸ்ரீ சிட்டியில் ஏதோ தொழிற்சாலையில் ஷிப்டுக்குச் சேர்ந்தான். அந்த வாரமே நான் நான்காவது டேபிளைச் சேர்த்தேன். ஒரு காலைப்பொழுதில் முடிகிற வேலை. காரணம் என்ற பத்தியில் 'கைமாற்று' என்பதும் ஒன்று. புரோகிராமை வாங்கிய ஆலைக்காரர்கள் அதைத்தான் முதலில் பாராட்டினார்கள்.

பல வருடம் கழித்து, தன் மகள் கல்யாணப் பத்திரிகையோடு அவன் எங்கள் வீட்டு கேட்டில் வந்து நின்றான். என் மனைவி உள்ளே கூப்பிடவில்லை. நான் அறைக்குள் இருந்தேன்.

"மாமா நல்லா கீறாரா?"

"இருக்காரு."

கேட் மூடும் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவள், "உங்க தலையைக் குனிய வெச்சவன், எந்த மூஞ்சியோட வர்றான் பாருங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. தம்பியால் எனக்கு அவமானம் என்று, அவன் வேலை போன நாள்முதல் என்னிடம் கூனிக்குறுகியே நடந்துகொள்கிறாள்.

அவள் கையிலிருந்த பத்திரிகையை வாங்கி, கல்யாணம் எந்த ஊரில் என்று பார்த்தேன். சத்தியவேடு. அதிக தூரமில்லை. நாங்கள் போகவில்லை.